இணையச் செயலியில் ஓடியோ: ஒரே பிளேயரை எல்லாப் பக்கத்திலும் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூஷன் வகுப்பு ஒலிப்பதிவுகள், கோவில் தேவாரங்கள், இணைய வானொலி என்று கொழும்பில் தமிழ் ஓடியோவை வைத்துத் தளம் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோட் வரிகளை இங்கே ஒட்டவில்லை. ரியாக்ட், வியூ (இணையப் பக்கம் கட்ட உதவும் ஆயத்தக் கோட் தொகுப்புகள்), வெறும் ஜாவாஸ்கிரிப்ட், எதில் எழுதினாலும் அமைப்பு ஒன்றுதான். அதைத்தான் விளக்கியிருக்கிறேன்.

ஓடியோ டேக் (பக்கத்தில் ஒலியை வைக்கும் எச்டிஎம்எல் குறி) ஒன்றைப் போட்டால் பிரவுசரே பிளே பட்டன் எல்லாம் தருகிறதே. அதற்கு மேல் எதற்குக் கோட்?

பக்கத்தில் ஒரே ஒரு பதிவு என்றால் ஒன்றும் வேண்டாம். டேக்கைப் போட்டு, கன்ட்ரோல்ஸ் என்ற பண்பைச் சேர்த்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். உண்மையாகவே சொல்கிறேன், பாதித் தளங்களுக்கு அது போதும்.

சிக்கல் இரண்டாவது பதிவு வரும்போது தொடங்குகிறது. ஒன்று ஓடும்போதே இன்னொன்றை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பிறகு "பட்டியலில் அடுத்தது தானாக ஓட வேண்டும்" என்பார்கள். அப்புறம் "கீழே ஒரு சின்ன பிளேயர் எப்போதும் தெரிய வேண்டும்", "பக்கம் மாறினாலும் பாட்டு நிற்கக் கூடாது" என்று வரும். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்தில் நான்கு வரி சேர்த்துக்கொண்டே போனால், கொஞ்ச நாளில் யார் பாட்டை நிறுத்தினார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய கோட் என்றால் இங்கே எது? பட்டனா, ஸ்லைடரா?

இரண்டும் இல்லை. அழகான பிளே பட்டன் கம்போனன்ட் (திரையின் ஒரு துண்டு) ஒன்றைச் செய்து, அதற்குள்ளேயே ஓடியோ எலிமென்டையும் (ஓடியோ டேக் உருவாக்கும் பொருள்) வைத்துவிட்டு, "இதை எங்கே வேண்டுமானாலும் போடலாம்" என்று நினைப்பதுதான் எல்லாரும் முதலில் போகும் வழி. பட்டியலில் முப்பது பாடம் இருந்தால் முப்பது எலிமென்ட், முப்பது தனித்தனி நிலை. ஒன்றுக்கு மற்றது ஓடுவது தெரியாது.

மறுபயன்பாட்டுக்கு உரியது, கண்ணுக்குத் தெரியாத பிளேயர் என்ற ஒரு பொருள். அதனிடம் ஒரே ஓர் ஓடியோ எலிமென்ட் இருக்கும். அந்த எலிமென்டை வேறு எந்தக் கோடும் தொடக் கூடாது. பட்டன்களும் ஸ்லைடரும் இரண்டே காரியம் செய்யலாம்: பிளேயரிடம் ஒன்றைக் கேட்கலாம் (இந்தப் பாடத்தை ஓட்டு, நிறுத்து, இத்தனையாவது வினாடிக்குப் போ), அது சொல்வதைக் காட்டலாம். வீட்டில் ரிமோட் எத்தனை இருந்தாலும் டிவி ஒன்றுதானே, அப்படி.

இதை, ஈவென்ட் ('இது நடந்தது' என்ற அறிவிப்பு) அனுப்பத் தெரிந்த ஈவென்ட்டார்கெட் என்ற பிரவுசரின் சொந்த கிளாஸிலிருந்து நீட்டிய ஒரு சின்ன கிளாஸாக எழுதினால் போதும். லோட், பிளே, பாஸ், சீக், வேகம், இவ்வளவுதான் வெளியே தெரிய வேண்டிய மெத்தட்கள் (அதற்குக் கொடுக்கக்கூடிய கட்டளைகள்). நிலை மாறும்போதெல்லாம் 'சேஞ்ச்' என்ற ஒரே ஈவென்டை அனுப்பட்டும். அதோடு தற்போதைய நிலையின் நகல் ஒன்றையும் கொடுக்கட்டும்: எந்தப் பதிவு, ஓடுகிறதா, காத்திருக்கிறதா, எந்த வினாடி, மொத்த நீளம், பிழை உண்டா. அந்தக் கோப்பில் ரியாக்ட் என்ற சொல்லே வரக் கூடாது. அடுத்த வேலையில் வேறு கருவிக்கு மாறினாலும் கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரே எலிமென்ட் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐபோனில் பயனரின் விரல் பட்டு ஒரு முறை ஓடிய எலிமென்டுக்கு, அதன் பிறகு கோடே பிளே சொல்ல அனுமதி கிடைக்கிறது. ஒலிக்கோப்பின் முகவரியை மட்டும் மாற்றி அடுத்த பாட்டை அதிலேயே ஓட்டலாம். புது எலிமென்ட் உருவாக்கினால் அதற்கு அந்த அனுமதி கிடைக்காது. "ஆண்ட்ராய்டில் அடுத்த பாட்டு தானாக வருகிறது, ஐபோனில் வரவில்லை" என்ற புகாரில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டு நின்றுவிட்டது, ஆனால் பட்டன் இன்னும் 'ஓடுகிறது' என்றே காட்டுகிறது. ஏன்?

பட்டனை அழுத்தியவுடன் 'ஓடுகிறது = ஆம்' என்று நீங்களே ஒரு மாறியில் எழுதி வைத்திருப்பீர்கள். அங்கேதான் பிழை. பாட்டை நிறுத்துவது உங்கள் பட்டன் மட்டும் இல்லை. அழைப்பு வந்தால் போன் நிறுத்தும். ஹெட்போன் கழன்றால் நிற்கும். பூட்டுத் திரையிலிருந்து பயனரே நிறுத்துவார். கோட்டையிலிருந்து கல்கிசைக்குப் போகும் கரையோர ரயிலில் சிக்னல் போனால், நிறுத்தாமலேயே ஒலி நின்று காத்திருக்கும்.

ஆகவே விதி இது: நிலையை நீங்கள் ஊகித்து எழுதாதீர்கள். எலிமென்ட் அனுப்பும் ஈவென்டைக் கேட்டு மட்டும் எழுதுங்கள். இதில் 'பிளே' ஈவென்டும் 'பிளேயிங்' ஈவென்டும் வேறு வேறு. முதலாவது, ஓடச் சொல்லியாயிற்று என்று மட்டும் அர்த்தம். இரண்டாவது வந்தால்தான் உண்மையில் ஒலி தொடங்குகிறது. நடுவில் தரவு தீர்ந்தால் 'வெயிட்டிங்' வரும். மெதுவான இணைப்பில் சுழலும் வட்டத்தைக் காட்ட வேண்டியது 'வெயிட்டிங்' வந்ததிலிருந்து அடுத்த 'பிளேயிங்' வரை.

இன்னொரு நன்மை: இப்படி எழுதினால் கீழே இருக்கும் சின்ன பிளேயர், பட்டியலில் உள்ள பட்டன், பூட்டுத் திரை மூன்றும் தானாகவே ஒத்துப்போகும். அவற்றை ஒத்துப்போக வைக்கத் தனிக் கோட் தேவையில்லை.

பிளே சொன்னவுடன் கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் இடம்) சிவப்பாக ஏதோ வருகிறது. 'நாட்அலவ்ட்எரர்' என்றும் சில நேரம் 'அபார்ட்எரர்' என்றும் இருக்கிறது.

பிளே மெத்தட் ஒரு ப்ராமிஸை (வெற்றியா தோல்வியா என்று பிறகு சொல்லும் பொருளை) திருப்பித் தருகிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. கவனிக்காவிட்டால் தோல்வி கன்சோலில் சிவப்பாகக் கிடக்கும், பயனருக்கு எதுவும் தெரியாது.

நாட்அலவ்ட்எரர் என்றால், பயனர் இன்னும் பக்கத்தைத் தொடவில்லை, அதனால் ஒலி எழுப்ப விடமாட்டேன் என்று பிரவுசர் சொல்கிறது. குரோம் 2018 ஏப்ரலில் 66ஆம் பதிப்போடு இதைக் கொண்டுவந்தது. சஃபாரி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2019 மார்ச்சில் சேர்ந்தது. இதைத் தந்திரமாகத் தாண்ட முடியுமா என்று தேடுபவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அலுவலகத்தில் தளத்தைத் திறந்தவுடன் நாதஸ்வரம் முழங்கினால் அந்தப் பயனர் திரும்பி வரமாட்டார். பிழை வந்தால் 'கேட்க இங்கே அழுத்துங்கள்' என்று பட்டனைக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

அபார்ட்எரர் வேறு கதை. ஒரு பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே பாஸ் சொன்னாலோ, முகவரியை மாற்றினாலோ, காத்திருந்த பழைய ப்ராமிஸ் இந்தப் பிழையோடு முடிகிறது. பயனர் அவசரமாக மூன்று பாடங்களை அடுத்தடுத்து அழுத்தினால் முதல் இரண்டுக்கும் இது வரும். இது கோளாறு இல்லை, பிழைச் செய்தி காட்டவும் கூடாது. ஒவ்வொரு லோடுக்கும் ஓர் ஓட்ட எண்ணை ஒன்று கூட்டி வையுங்கள். ப்ராமிஸ் முடியும்போது தன் எண்ணும் தற்போதைய எண்ணும் ஒன்றா என்று பார்க்கட்டும். வேறு என்றால் பேசாமல் இருந்துவிடட்டும்.

சஃபாரியில் இன்னொரு பொறி இருக்கிறது. பட்டனை அழுத்தியபின் சர்வரிடம் போய் முகவரியைக் கேட்டு, அது வந்தபிறகு பிளே சொன்னால், விரல் பட்டதற்கான அனுமதி அதற்குள் கைநழுவிவிடலாம். முகவரியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முடிந்தவரை கிளிக் வந்த அதே நொடியில் பிளே சொல்லுங்கள்.

ரியாக்டில் பக்கம் மாறும்போது பாட்டு நின்றுவிடுகிறது. சில நேரம் நிற்காமல் இரட்டையாகவும் ஒலிக்கிறது!

இரண்டுக்கும் காரணம் ஒன்று: எலிமென்ட் ஒரு கம்போனன்டின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. கம்போனன்ட் போனால் டேக்கும் போய் பாட்டு நிற்கும். மாறாக, எலிமென்டை எஃபெக்டுக்குள் (கம்போனன்ட் திரைக்கு வந்ததும் ரியாக்ட் ஓட்டும் பகுதி) கோடால் உருவாக்கியிருந்தால், பக்கத்தில் ஒட்டப்படாத எலிமென்டும் தொடர்ந்து ஒலிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஓடியோவை பிரவுசர் குப்பையாக எடுத்துப் போடாது. ரியாக்ட் 18இன் ஸ்ட்ரிக்ட் மோட் (பிழை தேடும் பயன்முறை), உருவாக்கும் கட்டத்தில் ஒவ்வோர் எஃபெக்டையும் வேண்டுமென்றே இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பதால் இந்த இரட்டை ஒலி உங்கள் கணினியிலேயே கேட்டுவிடும். அது நல்லதுதான். அதற்காக ஸ்ட்ரிக்ட் மோடை அணைக்காதீர்கள்.

பிளேயரைத் தனிக் கோப்பில், கம்போனன்ட் மரத்துக்கு வெளியே ஒரு தடவை உருவாக்குங்கள். கம்போனன்ட்கள் அதன் 'சேஞ்ச்' ஈவென்டுக்குச் சந்தா சேரட்டும், போகும்போது விலகட்டும். விலகும்போது பாட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்துவது பயனரின் வேலை.

லிசனர்களை (ஈவென்டைக் கேட்கும் கோட்) கழற்ற மறந்துபோகிறது. எளிய வழி இருக்கிறதா?

அபார்ட்கன்ட்ரோலர் என்ற பிரவுசரின் பொருள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு லிசனரைச் சேர்க்கும்போதும் அதன் சிக்னலைக் கொடுங்கள். கடைசியில் ஒரு முறை அபார்ட் சொன்னால் எல்லாம் கழன்றுவிடும். பிளேயரையே கலைக்க வேண்டுமென்றால் பாஸ் சொல்லி, முகவரிப் பண்பை நீக்கி, லோட் சொல்லுங்கள். வெறும் பாஸ் மட்டும் சொன்னால் பிரவுசர் இறக்கிய தரவைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரே பாடம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே மொழியை மாற்ற வேண்டும். எப்படி?

இந்த ஊரில் தளம் செய்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். வெளிநாட்டுப் பயிற்சிகளில் இதற்கு விடை கிடைப்பது அரிது.

முதலில் மனதில் வருவது: தற்போதைய வினாடியை எடுத்து, புதிய கோப்பில் அதே வினாடிக்குப் போவது. அது வேலை செய்யாது. ஒரே கருத்தைச் சொல்ல மூன்று மொழியிலும் ஒரே நேரம் எடுப்பதில்லை. அறிவிப்பாளரின் வேகமும் வேறு. பத்து நிமிடப் பதிவில் பாதிக்கு வந்தால் ஒன்று முதல் பந்தியை முடித்திருக்கும், மற்றது இரண்டாவதின் நடுவில் நிற்கும். மொத்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுத் தாவினாலும் சொல்லின் நடுவில்தான் போய் விழும்.

சரியான வழி பகுதிகளாகப் பிரிப்பது. பாடத்தை ஆசிரியரிடம் காட்டி, கருத்து மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு பகுதியும் எந்த வினாடியில் தொடங்குகிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் பகுதிகளின் எண்ணிக்கை மூன்று மொழிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், வினாடிகள் மட்டும் வேறு. மொழி மாறும்போது, தற்போது எத்தனையாவது பகுதி என்று பார்த்து, புதிய மொழியில் அதே பகுதியின் தொடக்கத்துக்குப் போங்கள். பகுதியின் நடுவுக்குப் போக முயல வேண்டாம். புரியாததால்தான் மாணவர் மொழியை மாற்றுகிறார், அந்தக் கருத்தை முதலிலிருந்து கேட்பதே அவருக்கு உதவும். பகுதிகள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் திரும்பக் கேட்பது யாருக்கும் தொந்தரவாகத் தெரியாது.

இனி கோடின் ஒழுங்கு. மாற்றுவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய முகவரியைக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் உடனே பிளே சொல்லிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். 'லோடெட்மெட்டாடேட்டா' (நீளம் போன்ற விவரம் வந்துவிட்டது என்ற) ஈவென்ட் வந்ததும் வினாடியை மாற்றுங்கள். அந்த ஈவென்ட் ஒலி தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும், ஆகவே பாடத்தின் ஆரம்பம் காதில் விழாது. மெட்டாடேட்டா வரும் முன்பே வினாடியை மாற்றினால் சில பிரவுசர்களில் அந்த மாற்றம் காணாமல் போகிறது.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன விஷயம் வேகம். பயனர் 1.5 மடங்கு வேகத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். முகவரியை மாற்றியதும் வேகம் 1க்குத் திரும்பிவிடும். இது பிரவுசரின் கோளாறு இல்லை, விதியே அப்படித்தான்: புதிதாக ஏற்றும்போது வேகத்தை 'டிஃபால்ட் பிளேபேக் ரேட்' என்ற மதிப்புக்குத் திருப்ப வேண்டும். பிளேயரின் வேக மெத்தட் இரண்டு மதிப்பையும் சேர்த்தே மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. இப்படிப்பட்டவற்றை ஒரே இடத்தில் ஒரு தடவை சரிசெய்துவிடலாம் என்பதற்காகத்தான் இத்தனை பாடு.

பாடும் வரியை, பேசும் வாக்கியத்தைத் திரையில் நிறம் மாற்றிக் காட்டினால் பிந்தி வருகிறதே?

வினாடி நகர்வதைச் சொல்லும் டைம்அப்டேட் ஈவென்டை நம்பியிருப்பீர்கள். விதிப்படி அது வினாடிக்கு 4 முதல் 66 தடவை வரை வரலாம். நடைமுறையில் பெரும்பாலும் 4 தடவைதான், அதாவது கால் வினாடி பிந்தலாம். ஸ்லைடருக்கு அது தாராளம். சொல்லுக்குச் சொல் காட்ட வேண்டுமென்றால், ஓடும்போது மட்டும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமில் (திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கோடை ஓட்டும் வசதி) வினாடியைப் படியுங்கள். நின்றதும் அதையும் நிறுத்துங்கள், பற்றரி மிச்சம்.

எந்தக் கோப்பு வகை? எத்தனை கேபிபிஎஸ் (வினாடிக்கு எத்தனை கிலோபிட்)?

எதிலும் ஓட வேண்டும் என்றால் எம்பி3. அதன் காப்புரிமைத் தொல்லையும் 2017உடன் முடிந்துவிட்டது. பேச்சுக்கு ஓபஸ் என்ற ஒலி வகை சிறந்தது. குறைந்த அளவிலும் குரல் தெளிவாக இருக்கும். ஆனால் பழைய ஐபோன்களை மனதில் வைத்து எம்பி3யையும் மாற்றாகக் கொடுங்கள்.

கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு சுமார் 58 எம்பி. 64 என்றால் 29 எம்பி. ஒற்றைச் சேனலில் 32 கேபிபிஎஸ் ஓபஸ் என்றால் 14 எம்பிக்குக் கொஞ்சம் மேல். வகுப்புப் பதிவை 128 ஸ்டீரியோவில் ஏற்றி வைப்பது மாணவரின் டேட்டா பெக்கேஜை வீணாக்குவது. பேசுபவர் ஒருவர், மைக் ஒன்று, அதற்கு எதற்கு ஸ்டீரியோ?

பட்டியல் பக்கத்தில் ப்ரீலோட் பண்பை (முன்கூட்டியே எவ்வளவு இறக்குவது என்பது) 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்றே வையுங்கள். ஒவ்வொரு பதிவின் நீளத்தையும் காட்டுவதற்காக 'மெட்டாடேட்டா' என்று வைத்து முப்பது கோப்பையும் தட்டிப் பார்ப்பார்கள் சிலர். நீளத்தை சர்வரில் ஒரு தடவை அளந்து தரவுத்தளத்தில் போட்டுவிட்டால் அதற்குத் தேவையே இல்லை.

ஸ்லைடரை நடுவுக்கு இழுத்தால் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

உங்கள் கோட் சரியாக இருக்கலாம். சர்வரைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓட்ட, கோப்பின் இன்ன பகுதியை மட்டும் கொடு என்று பிரவுசர் கேட்கும். அதற்கு சர்வர் 206 என்ற குறியீட்டோடு அந்தத் துண்டை மட்டும் அனுப்ப வேண்டும். 200 என்று முழுக் கோப்பையும் அனுப்பினால் குரோமில் இப்படி ஆரம்பத்துக்குத் தாவும். சஃபாரியில் பல நேரம் ஓடவே ஓடாது. சாதாரணமாகக் கோப்புகளைத் தரும் சர்வர்கள் இதைத் தாமே செய்யும். லாகின் சோதனைக்காக பிஎச்பியிலோ நோடிலோ கோப்பைப் படித்து அனுப்பும் கோடை நீங்களே எழுதியிருந்தால், அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

மொத்த நீளம் 'நான்' (NaN, எண் அல்ல) என்றும் 'இன்ஃபினிட்டி' என்றும் வருகிறது.

முதலாவது, மெட்டாடேட்டா இன்னும் வரவில்லை. இரண்டாவது, நேரலை. பிரவுசரிலேயே பதிவு செய்த வெப்எம் கோப்பிலும் இன்ஃபினிட்டி வரும், காரணம் பதிவு செய்யும்போது நீளம் கோப்பில் எழுதப்படவில்லை. பிளேயர் இரண்டையும் வெளியே விடாமல் 'நீளம் தெரியாது' என்று ஒரே மாதிரிச் சொல்லட்டும்.

நேரலை வானொலிக்கும் இதே பிளேயர் போதுமா?

போதும், ஒரு விதிவிலக்கோடு. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. அன்றிலிருந்து இங்கே வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: வானொலியை அணைத்துப் போட்டால் இப்போது போவதுதான் கேட்க வேண்டும். ஆனால் நேரலையில் பாஸ் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து பிளே சொன்னால், பிரவுசர் சேமித்து வைத்திருந்த பழைய ஒலியிலிருந்து தொடங்கும். செய்தி எட்டு மணிக்கு என்றால் பயனருக்கு அது எட்டு ஐந்துக்கு வரும். ஆகவே நேரலைக்கு 'பாஸ்' என்பதை 'நிறுத்து' என்று மாற்றுங்கள்: முகவரியை நீக்குங்கள், திரும்ப ஓட்டும்போது புதிதாக இணையுங்கள். பதிவின் விவரத்தில் 'நேரலை' என்று ஒரு கொடி இருந்தால் பிளேயரே பார்த்து நடந்துகொள்ளும். பட்டன்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வானொலிகளின் பழைய ஸ்ட்ரீம் முகவரிகள் பல எச்டிடிபியில் இருக்கின்றன. உங்கள் தளம் எச்டிடிபிஎஸ் என்றால் பிரவுசர் அதைப் பாதுகாப்பான முகவரிக்கு மாற்றிப் பார்க்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடும். இதைக் கோடால் சரிசெய்ய முடியாது. ஸ்ட்ரீம் கொடுப்பவரிடம் பேச வேண்டும், அல்லது உங்கள் சர்வர் வழியாகக் கொண்டுவர வேண்டும்.

இணைப்பு அறுந்தால் தானாக மீண்டும் இணைவதும் பிளேயரின் வேலைதான். ஆனால் ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆயிரம் பேர் ஒரே நொடியில் திரும்பி வந்து தட்டினால், அப்போதுதான் எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும்.

வெப் ஓடியோ ஏபிஐ (கோடால் ஒலியைக் கையாளும் பிரவுசர் வசதி) இன்னும் நல்லது என்கிறார்களே?

வேறு வேலைக்கு நல்லது. விளையாட்டில் சின்னச் சின்ன ஒலிகள் துல்லியமான நேரத்தில் வர வேண்டும், பல ஒலிகள் கலக்க வேண்டும், அலை வடிவத்தைத் திரையில் வரைய வேண்டும் என்றால் அதை எடுங்கள். நீண்ட பதிவை அதில் முழுதாக டிகோட் செய்வது (சுருக்கிய கோப்பை முழு ஒலியாக விரிப்பது) தவறு. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ டிகோட் ஆனதும் நிமிடத்துக்குச் சுமார் 21 எம்பி நினைவகம் பிடிக்கும். அரை மணி நேர வகுப்பு 600 எம்பியைத் தாண்டும். சாதாரண போனில் டாப் மூடிக்கொண்டு போய்விடும்.

இரண்டும் வேண்டுமென்றால் ஓடியோ எலிமென்டையே வெப் ஓடியோவில் இணைக்கலாம். மூன்றைக் கவனியுங்கள். ஓர் எலிமென்டை ஒரு தடவைதான் இணைக்க முடியும், இரண்டாவது தடவை பிழை வரும். கோப்பு வேறு டொமைனில் இருந்து அந்த சர்வர் கோர்ஸ் அனுமதி (வேறு தளம் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) தராவிட்டால், கோடுக்குப் பிழை எதுவும் வராமல் வெறும் அமைதிதான் வரும். வெப் ஓடியோவை இயக்கும் ஓடியோ கான்டெக்ஸ்ட் உறங்கிய நிலையில் தொடங்கலாம், முதல் கிளிக்கில் ரெஸ்யூம் சொல்ல வேண்டும்.

ஐபோனில் ஒலி அளவு ஸ்லைடர் வேலை செய்யவில்லை.

செய்யாது. ஒலி அளவு போனின் பட்டனுக்கு மட்டும் என்பது ஆப்பிளின் முடிவு. ஸ்லைடரை மறைத்துவிடுங்கள். மியூட் வேலை செய்யும்.

பூட்டுத் திரையில் தலைப்பும் பட்டன்களும் வர வேண்டும்.

மீடியா செஷன் என்ற வசதி இருக்கிறது. தலைப்பு, பாடியவர், படம் ஆகியவற்றைக் கொடுத்து, பிளே, பாஸ், அடுத்தது, முந்தையது ஆகியவற்றுக்கு பிளேயரின் மெத்தட்களை இணையுங்கள். பிரவுசருக்குத் தெரியாத செயலின் பெயரைக் கொடுத்தால் அது பிழை வீசும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ரை-கேட்சில் (பிழையைப் பிடிக்கும் அமைப்பு) போடுங்கள், ஒன்று விழுந்தால் மற்றவை விழக் கூடாது. தலைப்பைத் தமிழிலேயே கொடுக்கலாம், சிக்கல் இல்லை. வகுப்புப் பதிவென்றால் 'அடுத்தது' பட்டனைவிடப் பத்து வினாடி பின்னால் போகும் பட்டன்தான் அதிகம் உதவும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு?

ஓடும்போது சில வினாடிக்கு ஒரு முறையும், பாஸ் ஆகும்போதும், பக்கம் மறையும்போதும் வினாடியை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரின் சேமிப்பிடம்) எழுதுங்கள். போனில் 'அன்லோட்' ஈவென்டை நம்ப வேண்டாம். 'விசிபிலிட்டி சேஞ்ச்' நம்பகமானது. முடிவுக்குப் பக்கத்தில் விட்டிருந்தால் குறிப்பை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை திறந்தவுடன் 'நன்றி, வணக்கம்' மட்டும் கேட்கும்.

இன்டர்நெட் இல்லாதபோதும் கேட்க?

சர்வீஸ் வொர்க்கரின் (பக்கத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே ஓடும் கோட்) கேஷில், அதாவது சேமிப்பிடத்தில், கோப்பைப் போட்டால் போதும் என்பார்கள். போதாது. கேஷ் 206 பதில்களை ஏற்காது, முழுக் கோப்பாகத்தான் வைக்க முடியும். ஆனால் பிரவுசர் துண்டு துண்டாகக் கேட்கும். முழுக் கோப்பிலிருந்து துண்டை வெட்டிக் கொடுக்கும் கோடை நீங்கள் எழுத வேண்டும், அல்லது வொர்க்பாக்ஸ் என்ற நூலகத்தில் (ஆயத்தக் கோட் தொகுப்பு) உள்ளதை எடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி: பயனர் 'சேமி' அழுத்தினால் கோப்பை இன்டெக்ஸ்டு டிபியில் (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளம்) ப்ளாப் (மூலத் தரவுத் தொகுதி) ஆகப் போடுங்கள். ஓட்டும்போது அதற்கு ஒரு தற்காலிக முகவரி உருவாக்கி பிளேயரிடம் கொடுங்கள். முடிந்ததும் அந்த முகவரியை ரத்து செய்யுங்கள். பிளேயருக்கு முகவரி எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இரண்டு டாபில் திறந்தால் இரண்டிலும் பாடுகிறது.

பிராட்காஸ்ட் சேனல், அதாவது டாப்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வசதி. ஒரு டாபில் பிளே ஆகும்போது 'நான் தொடங்கிவிட்டேன்' என்று அனுப்புங்கள், கேட்கும் மற்ற டாப்கள் பாஸ் ஆகட்டும்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்த என்ன கவனிக்க வேண்டும்?

டிவ் (பொதுவான பெட்டி டேக்) ஒன்றுக்குக் கிளிக் வைக்காமல் உண்மையான பட்டன் டேக்கைப் பயன்படுத்துங்கள். முக்கோணப் படம் மட்டும் இருந்தால் திரைவாசிப்பானுக்கு ஒன்றும் தெரியாது, 'ஓட்டு', 'நிறுத்து' என்று ஏரியா லேபலில் (திரைவாசிப்பான் வாசிக்கும் பண்பு) எழுதுங்கள். மும்மொழித் தளம் என்றால் லேபலும் மொழியோடு மாற வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். ஸ்லைடர் '200' என்று வாசிக்காமல் '3 நிமிடம் 20 வினாடி' என்று வாசிக்க ஏரியா வேல்யூடெக்ஸ்ட் இருக்கிறது. தானாக ஓடும் ஒலி 3 வினாடிக்கு மேல் நீண்டால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி (எல்லாரும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் வழிகாட்டி) விதி. திரைவாசிப்பானின் குரலை அது மூடிவிடும் அல்லவா?

இத்தனைக்கும் ஹௌலர் போன்ற ஒலி நூலகம் ஒன்றை எடுத்துவிடலாமே?

எடுக்கலாம், விளையாட்டுக்கும் சின்ன ஒலிகளுக்கும் நல்ல நூலகம். ஆனால் அது இயல்பாக வெப் ஓடியோவைப் பயன்படுத்தும். நீண்ட பதிவுகளுக்கு எச்டிஎம்எல்5 என்ற விருப்பத்தை இயக்க மறக்காதீர்கள். எச்எல்எஸ் (ஒலியைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை) ஸ்ட்ரீமை சஃபாரி தானே ஓட்டும், அப்படி ஓட்டத் தெரியாத பிரவுசர்களுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற நூலகம் வேண்டும், அதை நீங்களே எழுத நினைக்க வேண்டாம். எதை எடுத்தாலும் உங்கள் பிளேயர் கிளாஸுக்கு உள்ளேயே வையுங்கள். முப்பது கம்போனன்டில் நூலகத்தின் பெயர் இருந்தால், நாளைக்கு அதை மாற்றுவது முப்பது இடத்து வேலை.

எப்படிச் சோதிப்பது?

கிளாஸ் தானே எலிமென்டை உருவாக்காமல், வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி எழுதுங்கள். சோதனையில் பிரவுசருக்குப் பதிலாக ஓடும் ஜேஎஸ்டாமில் பிளே மெத்தட் செயற்படுத்தப்படவில்லை. எலிமென்ட் வெளியிலிருந்து வந்தால், பிளே சொன்னதும் தோல்வி அடையும் போலி எலிமென்ட், பத்து வினாடி காத்திருக்க வைக்கும் போலி எலிமென்ட் என்று எதையும் கொடுத்துப் பார்க்கலாம். நாட்அலவ்ட்எரர், மூன்று அவசரக் கிளிக், நடுவில் அறுந்த இணைப்பு, இந்த மூன்றுக்கும் சோதனை எழுதினாலே பெரும்பகுதி முடிந்தது.

மிச்சத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஓடும்போது இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள், ஹெட்போனைப் பிடுங்குங்கள், விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள். இரண்டு போன் அவசியம், ஒன்று விலை குறைந்த ஆண்ட்ராய்டு, மற்றது ஐபோன். இங்கே பாவனையில் உள்ள ஐபோன்களில் குரோமும் உள்ளே சஃபாரியின் எந்திரமான வெப்கிட்டில்தான் ஓடுகிறது. ஆகவே ஐபோன் குரோமில் பார்த்துவிட்டு ஆண்ட்ராய்டு குரோமையும் பார்த்தாயிற்று என்று கணக்கில் போட வேண்டாம்.